தனியாக வியட்நாம் போகிறவர் எந்த ஹாஸ்டலில் தங்குவது? ஆள் பழக்கம் வேண்டுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வியட்நாமுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். அங்கே நாலு பேரோடு பேசிப் பழக வேண்டும், முடிந்தால் அவர்களோடு சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும், அதற்கு எந்த மாதிரி இடத்தில் படுக்கை எடுப்பது? ஹனோயின் பழைய நகரப் பகுதியில் தேடினால் ஹாஸ்டல் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பாதிக்கு மேல் பத்துக்கு ஒன்பதைத் தாண்டிய மதிப்பெண். எல்லாப் படங்களிலும் கூட்டமாகச் சிரிக்கும் முகங்கள். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தால் எட்டுப் பேரும் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். டார்ம் அறைக்குள் ஒருவர் தூங்குவார், ஒருவர் பையைப் பிரித்துக் கட்டுவார், மற்றவர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு தொடங்குவது மாலை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில், குறித்த நேரத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதற்கு ஒரு காரணம் இருந்தால். அந்தக் காரணத்தை ஹாஸ்டல் உண்டாக்கித் தருகிறதா என்பதே முதல் கேள்வி. வாடகை, அழகு, மதிப்பெண் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஐரோப்பாவில் அந்தக் காரணம் சமையலறை. வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்பதால் எல்லோரும் மாலையில் பாஸ்தா வேகவைக்க வருவார்கள். அடுப்பு காலியாகக் காத்திருக்கும்போதே பழக்கம் பிடித்துவிடும். ஹனோயில் தெருவோரத்தில் ஒரு கிண்ணம் ஃபோ (நூடுல்ஸ் சூப்) சுமார் 50,000 டாங்குக்குக் கிடைக்கிறது (ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள்). அங்கே யாரும் சமைப்பதில்லை. விருந்தினர் சமைக்க அடுப்பு வைத்திருக்கும் ஹாஸ்டலே குறைவு. எனவே ‘சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பாருங்கள்’ என்ற வழக்கமான யோசனை வியட்நாமில் எடுபடாது.

## எதை வைத்து எடைபோடுவது

குறித்த நேர நிகழ்ச்சி. ஏழு மணிக்குச் சேர்ந்து சாப்பாடு, ஆறு மணிக்கு இலவச பீர், காலை ஒன்பதுக்கு நடைச் சுற்றுலா, இப்படி ஏதாவது ஒன்று தினமும் நடக்க வேண்டும். ‘வாரம் இரண்டு நாள்’ என்றால் நீங்கள் இருக்கும் நாளில் அது இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

உட்காரும் இடத்தின் அமைப்பு. இருவர் இருவராக உட்காரும் சிறு மேசைகள் காஃபி கடைக்குச் சரி. எட்டுப் பத்துப் பேர் அமரும் நீள மேசையோ தரையில் மெத்தையோ இருந்தால், அந்நியர் பக்கத்தில் போய் உட்காருவதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் எத்தனை இரவு தங்குகிறார்கள். ஒரே இரவு தங்கி நகர்கிறவர்களோடு பெயரும் ஊரும் சொல்லிக்கொள்வதோடு சரி. முதல் இரவு அறிமுகம், இரண்டாம் நாள் சேர்ந்து வெளியே போவது என்பதுதான் வழக்கமான கணக்கு. நீங்களும் குறைந்தது இரண்டு இரவு இருக்க வேண்டும்.

தூக்கம், மது, சாப்பாடு. இந்த மூன்றிலும் உங்களால் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். குடிக்காதவர், சைவம் சாப்பிடுகிறவர் என்றால் கீழே வரும் நான்கு வகைகளின் வரிசை கணிசமாக மாறும்.

மொத்தச் செலவு. படுக்கை வாடகையை மட்டும் பார்த்தால் பார்ட்டி ஹாஸ்டல் மலிவு. அங்கே ஓர் இரவைக் கழித்து முடித்தபின் பர்ஸைப் பார்த்தால் கதை வேறு.

## 1. பார்ட்டி ஹாஸ்டல்

உள்ளேயே பார், மாடியில் இசை, இரவு பத்துக்கு மேல் கூட்டமாகக் கிளம்பிப் பப் பப்பாகப் போவது. ஹனோயில் தா ஹியென் தெரு, சைகோனில் (ஹோ சி மின் நகரம்) பூய் வியென் தெரு என்று இந்தக் கூட்டம் போய்ச் சேரும் இடங்களும் தெரிந்தவையே. பழக்கம் ஏற்படும் வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பீர் கோப்பைக்குள் பந்தெறியும் ‘பீர் பாங்’ விளையாட்டுக்கு ஆள் குறைந்தால் உங்களைக் கூப்பிட்டே சேர்த்துக்கொள்வார்கள். கூச்ச சுபாவக்காரருக்கும் இது ஒரு வசதி: முதல் வார்த்தையை நீங்கள் பேச வேண்டியதில்லை, அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஊழியர் இருக்கிறார்.

ஆனால் அந்த வேகத்தில் வந்த பழக்கம் அதே வேகத்தில் போகும். இரவு இரண்டு மணிக்குத் தோளில் கைபோட்டவர் காலை பதினொன்றுக்குச் செக்-அவுட்டில் நிற்கும்போது உங்கள் பெயரை மறந்திருப்பார். பகலில் ஹாஸ்டல் வெறிச்சோடியிருக்கும், ஏனென்றால் பாதிப் பேர் தூக்கத்தில். அடுத்த நாள் கோயில், அருங்காட்சியகம் என்று சேர்ந்து போக ஆள் கிடைப்பது அரிது.

மறைவுச் செலவு: டார்ம் படுக்கை சுமார் 1.5 லட்சம் டாங், அதாவது 500 ரூபாய். மாலை ஒரு மணி நேரம் இலவச பீர் தருவது உங்களை நாற்காலியில் உட்கார வைப்பதற்காக. அதன் பிறகு வாங்கும் இரண்டு காக்டெயிலே படுக்கை வாடகையைத் தாண்டிவிடும். தெருமுனைப் பியா ஹோய் (பீப்பாய் பீர்) கடையில் ஒரு கிளாஸ் பீர் 15,000 டாங்குக்குள் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவச ‘ஷாட்’ (ஒரே மடக்கில் குடிக்கும் மது) நீட்டினால் முகதாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். 2024 நவம்பரில், பக்கத்து நாடான லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததும் அதே மெத்தனால்தான். அது என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடிப்பதானால் சீல் உடைக்காத பீர் பாட்டில் அல்லது கேன். குடித்தபின் பார்வை மங்குவது, வயிற்றுவலி, மறுநாள் வரை தெளியாத மயக்கம் இருந்தால் ‘ஹேங்ஓவர்’ என்று படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது யாருக்கு: இருபதுகளில் இருப்பவர், ஒரே ஒரு இரவு, மறுநாள் காலை பஸ் இல்லாதபோது. குடிக்காதவருக்கு இங்கே பழக்கம் கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. பத்து மணிக்கு மேல் கிடைக்காது. சில இடங்களில் வயது வரம்பும் உண்டு, விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

## 2. சேர்ந்து சாப்பிடும் ஹாஸ்டல்

பெரும்பாலும் இருபது, முப்பது படுக்கைகளுக்கு மேல் போகாத இடம். உரிமையாளரோ ஊழியரோ சமைத்து, ஏழு மணி வாக்கில் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். பட்டியலில் ‘ஃபேமிலி டின்னர்’ என்று போட்டிருக்கும். சில இடங்களில் வாடகையிலேயே சேர்த்தி, சில இடங்களில் தனிக் கட்டணம். எந்த நாளில் உண்டு, எத்தனை மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று செக்-இன் செய்யும்போதே கேளுங்கள். மதியத்துக்குள் பெயர் தராதவருக்குச் சோறு இல்லாமல் போவது சாதாரணம்.

மேசை நடுவில் பொதுத் தட்டுகள் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடும் முறை என்பதால், ‘அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்’ என்பதிலேயே பேச்சு தொடங்கிவிடும். முக்கால் மணி நேரத்தில் யார் எங்கிருந்து வந்தார், நாளை எங்கே போகிறார் என்பது மேசைக்கே தெரிந்துவிடும். டாக்ஸி பகிர்ந்துகொள்ள, ஹனோய்க்குத் தெற்கே உள்ள நின் பின்னுக்குச் சேர்ந்து போக ஆள் கிடைப்பது இங்கேதான்.

சைவர்களுக்கு ஒரு கவனம். வள்ளைக்கீரைப் பொரியலும் டோஃபுவும் மேசையில் நிச்சயம் இருக்கும். ஆனால் கீரையிலேயே மீன் சாஸ் விட்டிருப்பார்கள், பொரித்த ரோலுக்குள் பன்றி இறைச்சி இருக்கும். ‘ஆன் சாய்’ என்றால் சைவச் சாப்பாடு. உச்சரிப்பில் குழப்பம் வரும் என்பதால் ஃபோனில் மொழிபெயர்த்து எழுத்தில் காட்டுங்கள். மீன் சாஸ் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்த வழக்கப்படி உள்ளூர்க்காரர்களிலேயே பலர் சைவம் சாப்பிடுவார்கள். சமைப்பவருக்கு நீங்கள் கேட்பது புதிதாக இராது.

இதில் கோளாறு எங்கே வரும்? நேரத்தில். ஏழு மணிச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கு வந்து சேர்ந்தால் மேசை ஏற்கெனவே குழுக்களாகப் பிரிந்திருக்கும். ரயிலோ பஸ்ஸோ மாலை ஐந்துக்குள் ஊர் சேர்வதாக எடுங்கள். மறைவுச் செலவு அதிகமில்லை: துண்டு வாடகை, லாக்கருக்குப் பூட்டு, துணி துவைக்கக் கிலோவுக்குச் சுமார் 30,000 டாங். பூட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடலாம். ஹாஸ்டல் விற்கும் சுற்றுலாக்களில் கமிஷன் இருக்கும், அது தப்பில்லை. ஒரே ஹாஸ்டலின் ஆட்கள் ஒரே வேனில் போவதற்காக அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்கலாம் என்றே சொல்வேன், ஹா லாங் விரிகுடா போன்ற ஒருநாள் பயணத்துக்கு முக்கியமாக.

இது யாருக்கு: பெரும்பாலானோருக்கு. முப்பதைத் தாண்டியவர், குடிக்காதவர், தனியாகப் போகும் பெண்கள் என எல்லோருக்கும் முதல் தேர்வு இதுவே. பெண்கள் மட்டும் டார்ம் இருந்தால் அதை எடுங்கள். கலப்பு டார்மைவிட அங்கே அறைக்குள்ளேயே பேச்சு வரும்; ‘ராத்திரி வெளியே போகிறேன், வருகிறாயா’ என்று கேட்பதில் தயக்கம் குறைவு.

## 3. கேப்சூல், பாட் வகை

படம் பார்த்து இதைத்தான் அதிகம் பேர் பதிவு செய்கிறார்கள். மரப்பெட்டி போன்ற படுக்கை, தடிமனான திரை, உள்ளே விளக்கு, சார்ஜர், சில இடங்களில் சின்ன டிவி. சுமார் 2 முதல் 4 லட்சம் டாங். தூக்கத்துக்குக் குறை சொல்ல முடியாது.

பழக்கத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது, அதற்கு அதன் பிறப்பே காரணம். முதல் கேப்சூல் ஹோட்டல் 1979-ல் ஒசாகாவில் திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஊழியர் யாரையும் பார்க்காமல் தூங்கி எழுந்து வேலைக்குப் போக ஏற்பட்ட வசதி அது. அந்த வேலையை இன்றும் நன்றாகவே செய்கிறது. வழிநடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் புன்னகை, அவ்வளவுதான்.

இது யாருக்கு: நள்ளிரவில் விமானம் இறங்கும் முதல் இரவு, விடியற்காலை விமானம் பிடிக்கும் கடைசி இரவு, இரண்டு நாள் கூட்டத்தில் இருந்துவிட்டு மூச்சுவிட ஓர் இரவு.

## 4. சிறு ஊர் ஹோம்ஸ்டே, ஹா ஜியாங் மாதிரிக் குழுப் பயணம்

சரியாகச் சொன்னால் இது தங்குமிட வகை இல்லை. இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் சேர்க்காமல் விட்டால் தவறு, ஏனென்றால் வியட்நாமில் நட்பு நிலைக்கிற இடம் இதுதான்.

வடக்கே, சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலைச்சுற்று சுமார் 350 கிலோமீட்டர். ஹா ஜியாங் நகரத்தில் தொடங்கி யென் மின், டோங் வான், மா பி லெங் கணவாய், மியோ வாக், டு ஜியா வழியாக மோட்டார் சைக்கிளில் திரும்பி வருவது. 3 பகல் 2 இரவு அல்லது 4 பகல் 3 இரவு. (2025 ஜூலையில் இந்த மாகாணத்தைத் துயென் குவாங்கோடு இணைத்துவிட்டார்கள், பயணிகள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.) ஹனோயிலிருந்து படுக்கை பஸ்ஸில் ஆறேழு மணி நேரம்.

பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, மூன்று நாளும் அதே முகங்கள், மதியச் சாப்பாடு ஒரே மேசை, இரவில் ஹோம்ஸ்டேயில் வரிசையாகத் தரை மெத்தை. ஒருவர் வண்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். மழையில் சேர்ந்து நனைவார்கள். ஹாஸ்டலில் இரண்டு வாரம் இருந்தாலும் வராத நெருக்கம் இதில் வந்துவிடும். சுற்று முடிந்தபின் அதே குழுவில் நாலைந்து பேர் சேர்ந்தே அடுத்த ஊருக்குப் போவதும் வழக்கம்.

இப்போது செலவும் சிக்கலும். உள்ளூர்க்காரர் ஓட்ட நீங்கள் பின்னால் உட்காரும் ‘ஈஸி ரைடர்’ முறைக்கு ஆளுக்குச் சுமார் 40 முதல் 55 லட்சம் டாங், அதாவது 13,000 முதல் 18,000 ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் பொதுவாக அதில் அடக்கம். சொந்தமாக ஓட்டினால் மலிவு. ஆனால் இந்தியர்கள் இங்கே ஓட்டக் கூடாது. இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆனது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி ஆனதை. ‘எல்லோரும் ஓட்டுகிறார்கள்’ என்று கடைக்காரர் வண்டியைக் கொடுத்துவிடுவார். போலீஸ் பிடித்தால் அபராதம். விழுந்தால் அதைவிட மோசம், செல்லாத உரிமத்தோடு ஓட்டியவருக்குப் பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. எனவே இந்தியப் பயணிக்கு ஈஸி ரைடர் ஒன்றே வழி, பட்ஜெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

இரவுச் சாப்பாட்டில் மக்காச்சோளச் சாராயம் வரும், ‘ஹேப்பி வாட்டர்’ என்ற செல்லப் பெயரோடு. ‘மோட், ஹாய், பா, ஸோ!’ (ஒன்று, இரண்டு, மூன்று, சியர்ஸ்!) என்று கத்திக் கிண்ணங்களை உயர்த்துவார்கள், பிறகு கரோக்கி. கோலாவோடு கத்தினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2020 முதல் வியட்நாமில் ஓட்டுநர் இரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் ஓட்டுநர் இரவு வெகுநேரம் குடித்திருந்தால் காலையில் வேறு ஆளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பருவமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவு. 2024 செப்டம்பரில் யாகி புயல் வட வியட்நாமையே புரட்டிப்போட்டது. அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்ற தானியச் செடி பூக்கும், கூட்டமும் அப்போதுதான்.

மலை வேண்டாம் என்பவருக்கு நின் பின்னின் டாம் கோக், குகைகளுக்குப் பேர்போன ஃபோங் நா ஆகிய சிற்றூர்கள் உண்டு. இரவு எட்டுக்கு மேல் போக இடம் குறைவு என்பதால் எல்லோரும் தங்குமிடத்திலேயே இருப்பார்கள். ஹனோயிலும் சைகோனிலும் நகரமே உங்கள் ஹாஸ்டலோடு போட்டி போடும். இங்கே போட்டிக்கு ஆளில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| | பார்ட்டி ஹாஸ்டல் | சேர்ந்து சாப்பிடும் ஹாஸ்டல் | கேப்சூல் | ஹா ஜியாங் குழு |
|---|---|---|---|---|
| பழக்கம் ஏற்பட | ஒரு மணி நேரம் | ஒரு மாலை | அநேகமாக இல்லை | ஒரு பகல் |
| மறுநாள் சேர்ந்து போக ஆள் | அரிது | எளிதில் | இல்லை | கூடவே இருப்பார்கள் |
| தூக்கம் | கெடும் | பரவாயில்லை | நன்று | களைப்பில் வந்துவிடும் |
| குடிக்காதவர் | பத்து மணி வரை | சிக்கலில்லை | சிக்கலில்லை | சமாளிக்கலாம் |
| சைவம் | வெளியே போக வேண்டும் | முன்கூட்டிச் சொன்னால் | வெளியே போக வேண்டும் | முன்கூட்டிச் சொன்னால் |
| மறைவுச் செலவு | பார் பில் | துண்டு, சலவை | கிட்டத்தட்ட இல்லை | பஸ், மழை நாள் தாமதம் |

ஹாஸ்டலிலேயே தனி அறை எடுப்பதையும் சிலர் கேட்கிறார்கள். இரண்டாம் வகை ஹாஸ்டலில் என்றால் எடுக்கலாம். சாப்பாட்டு மேசை எல்லோருக்கும் பொது. டார்மைப்போல இரண்டரை, மூன்று மடங்கு ஆகும். குறட்டை தாங்காதவருக்கு அது வீண் செலவில்லை.

## பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசி இரண்டு மாத விமர்சனங்களைப் படியுங்கள். ‘சுத்தம்’, ‘நல்ல இடம்’ என்ற சொற்களே நிறைந்திருந்தால் அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை என்று பொருள். ஊழியர் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் நல்ல அடையாளம். ‘இரண்டு இரவுக்கு வந்தேன், ஐந்து இரவு தங்கினேன்’ என்பதுபோல் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் வேறெதுவும் பார்க்க வேண்டாம்.

டார்மில் ஆறு அல்லது எட்டுப் படுக்கை சரியான அளவு. நான்கு படுக்கை அறையில் மற்ற மூன்றும் ஒரே நண்பர் கூட்டமாக இருந்துவிட்டால் நீங்கள் மூன்றாம் மனிதர். பன்னிரண்டைத் தாண்டினால் யார் வருகிறார், யார் போகிறார் என்றே தெரியாது.

ஹாஸ்டல்வேர்ல்ட் செயலியில் பதிந்தால், அதே ஊருக்குப் பதிந்திருப்பவர்களோடு முன்கூட்டியே பேசும் வசதி உண்டு. பதியும்போது கட்டும் சிறு முன்பணம் பொதுவாகத் திரும்பாது. வேறு தளத்தில் இருபது, முப்பது ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும் பழக்கத்துக்காகப் போகிறவர் இதில் பதிவதே மேல்.

செக்-இன்னில் பாஸ்போர்ட்டைப் போலீஸ் பதிவுக்காக வாங்குவார்கள். பதிவு முடிந்ததும் அன்றே திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

## பத்து இரவு இருந்தால்

முதல் இரவு ஹனோயில் கேப்சூல் அல்லது தனி அறை, தூங்கித் தெளிய. அடுத்த இரண்டு இரவு அதே ஊரில் சேர்ந்து சாப்பிடும் ஹாஸ்டல். அதில் ஒன்று வெள்ளி அல்லது சனி இரவாக அமைந்தால் நல்லது. வார இறுதியில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மேசையில் அறிமுகமானவர்களோடு செலவில்லாமல் நடந்து வரலாம். பிறகு பஸ்ஸில் ஹா ஜியாங், மலைச்சுற்று மூன்று பகல், முன்னும் பின்னும் அந்நகரில் தலா ஓர் இரவு. அடுத்து நின் பின் இரண்டு இரவு, ஹனோயில் கடைசி இரவு. பார்ட்டி ஹாஸ்டல் வேண்டும் என்றால் அந்தக் கடைசி இரவுக்குப் பதிலாக வைக்காதீர்கள். மறுநாள் விமானம் இருக்கிறது.

இதில் நின் பின் இரண்டு இரவை மட்டும் முன்கூட்டிப் பதியாமல் விடுங்கள், அல்லது இலவசமாக ரத்து செய்யும்படி பதியுங்கள். மலைச்சுற்றில் பழகியவர்கள் எங்கே போகிறார்கள் என்பது கடைசி நாள்தான் தெரியும், அவர்கள் வேறு ஊர் சொன்னால் கூடப் போக வழி இருக்க வேண்டும். டெட் புத்தாண்டு வாரத்திலும், ஏப்ரல் 30, மே 1 விடுமுறையிலும், செப்டம்பர் 2 தேசிய தினத்தை ஒட்டியும் இந்தத் தளர்வு செல்லாது. உள்ளூர்க்காரர்களே ஊர் ஊராகக் கிளம்பும் நாட்கள் அவை. பஸ் சீட்டு உட்பட எல்லாவற்றையும் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள்.